காற்றுத்துளை

கார்ஸ்ட் மேட்டிலிருந்து போரா இறங்கும் வாரத்தில்
திரியெஸ்தே முழுக்க எனக்கு வேலை இருக்கும்.
சன்னலை அடைக்கட்டும், கதவிடுக்கில் துண்டைத் திணிக்கட்டும்.
அதோடு நிறுத்தமாட்டார்கள்.

நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது.
அழைப்புமணிக்கு மேல் காகிதத்தில் பெயர்: எஜிதியோ பெர்த்தோக்.
"நீவெஸ் என்று போட்டிருந்தது, கேஸ் ஆள் நீங்கள்தானா?"
நான்தான். பெட்டியைக் கீழே வைத்தேன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
இரண்டு வாரமாகத் தலைவலி என்றார்,
வாடகை ஏறியதைச் சொல்லும் அதே குரலில்.

குமிழை அழுத்தித் திருகினேன்.
ஐந்து வரை எண்ண வேண்டும்;
பர்னர் ஓரத்துச் சின்ன ஊசி சூடேறி
நம்பினால்தான் சுடர் நிற்கும்.
நின்றது. ஆனால் மஞ்சள்.
அழகான மஞ்சள், அதுதான் ஆபத்து.
நீலமென்றால் நெருப்புக்கு மூச்சு கிடைக்கிறது.
மஞ்சளென்றால் திணறுகிறது,
திணறும்போது நம் மூச்சையும் சேர்த்துக் கெடுக்கும்.

அளவுமானியில் எண் ஏறியது: பதினெட்டு, முப்பத்தொன்று, ஐம்பது.
அடுப்பை அணைத்துச் சன்னலைத் திறந்தேன்.
சுவரிலிருந்த நாட்காட்டி அடுத்த அறைக்குப் பறந்தது.

அடுப்பின்மேல் ஒரு சட்டி. அம்மாடி, என்ன சட்டி!
ஆறு பேர் சாப்பாட்டுக்கான அகலம்.
இரண்டு பர்னரை மூடிக்கொண்டு
குமிழ்களுக்கு மேலேயும் நீட்டிக்கொண்டு நின்றது.
குமிழ்களின் ஓரம் இளகித் தொங்கியிருந்தது.
அடியில் கரி, தொட்டால் விரலோடு வரும் கரி.
"பிரிந்தபோது அவள் சோபாவை எடுத்துக்கொண்டாள்" என்றார்.
நான் மேலே கேட்கவில்லை.
சட்டிக்குள் ஒற்றை முட்டை பொரித்த தடம்.

பக்கத்தில் மோக்கா, ஒரே கோப்பைக்கானது,
இருப்பதிலேயே பெரிய பர்னரில்
தாங்கிக் கம்பிகளுக்கு நடுவே சாய்ந்தபடி.
சுடர் பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியைப் பாதி தின்றிருந்தது.
சின்னப் பர்னருக்கு மாற்றினேன்.
அது தள்ளாடாமல் நிற்க
என் பெட்டியிலிருந்து ஒரு வளையம் கொடுத்தேன்,
ரசீதில் எழுதவில்லை.

அப்புறம் சுவர். தரைக்குப் பக்கத்தில்
சல்லடை மூடி; கழற்றிக் கை விட்டால்
காற்று வர வேண்டும்.
கம்பளி வந்தது.

இழுக்க இழுக்க நீண்டது.
ஒரு காலுறை, பச்சைக் கோடு போட்டது, எட்டு வயதுப் பாதம்.
"ராத்திரியெல்லாம் அந்த ஓட்டை விசிலடிக்கும்" என்றார்.
பிறகு, "மகள் விட்டுப்போனது. ஜோடி அவளிடம் இருக்கிறது."

சன்னலைச் சாத்தி மறுபடி ஏற்றினேன்.
துளை விசிலடித்தது. இருவரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.
சுடர் ஒருமுறை துள்ளி
நீலமாக உட்கார்ந்தது.
எண் பூஜ்யத்திலேயே இருந்தது. இருந்தும் கால்மணி நேரம் பார்த்தேன்.

"பதினாறு சென்டிமீட்டரில் ஒன்று வாங்குங்கள்.
அடி தட்டையாக, கனமாக.
சுடர் அடிக்குள் அடங்க வேண்டும்,
கைப்பிடி சுவர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும்."
விரல்களால் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார்.
"ஒன்றுவிட்ட ஞாயிறு அவள் வருவாள்."
"அப்படியென்றால் இருபது."

இரண்டாம் மாடிவரை இறங்கிய பிறகுதான்
அடுப்புக்குப் பின்னாலிருக்கும் குழாயைப் பார்க்காதது
நினைவுக்கு வந்தது.
என்னையே திட்டிக்கொண்டு ஏறினேன்.
ரப்பரில் அச்சிட்டிருந்த ஆண்டு கடந்து மூன்று வருடம்.
வால்வை மூடினேன், சிவப்புச் சீட்டைக் கட்டினேன்.
நாளைக் காலை புதுக் குழாய், அதுவரை ரொட்டியும் சீஸும்.
சரியென்று தலையாட்டினார்.
கதவைத் திறந்தபோதே நான் கவனித்திருக்க வேண்டும்,
கை முழுக்கச் சோப்பு நுரை.
தொட்டியில் அந்தக் காலுறை,
தண்ணீர் இன்னும் கறுப்பாகவே போய்க்கொண்டிருந்தது.